ரத்தத்துல இருக்கு

தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி தம்பி நண்பர்களோடு வெளியே போய்விட்டுத் தள்ளாடிக்கொண்டு வந்தான். செருப்பைக் கழற்ற முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். யாரும் சத்தம் போடவில்லை. முறுக்கு டின்னை மூடிக்கொண்டிருந்த சின்னம்மா மட்டும் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “தாத்தா ரத்தம். எங்க போகும்?”

அம்மா பதில் பேசவில்லை. அவனை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்.

இந்த வார்த்தையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ரத்தம்தான் காரணம். ஒருத்தன் படித்தால் ‘அவுங்க வீட்டு ரத்தம்’. ஒருத்தன் குடித்தால் ‘அவங்கப்பன் ரத்தம்’. வெளியே வந்து வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதே பேச்சை வேறு மொழிகளில், சிரிப்போடு கலந்து கேட்டிருக்கிறேன். தோட்டத்து இந்தியன் என்றால் குடிப்பான், அது அவனுக்குள்ளேயே இருக்கிறது என்பார்கள். மற்றவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். சின்னம்மா சொல்லும்போது பயம்தான் வந்தது.

நான் ரசாயனப் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் கழிவுநீர்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உயிரியல் என் துறை இல்லை. ஆனால் கடைசி வருடத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க ஈஸ்டோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சமும் அந்த ஈஸ்டிடம் கற்றதுதான்.

*

ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடையில் ஒரு ரப்பர் தோட்டம். தாத்தா அங்கே பால்மரம் வெட்டினார். லயத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தென்னை மரங்களுக்குப் பக்கத்தில் கள்ளுக்கடை. நான் பிறக்கும் முன்பே அதை மூடிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டி சொன்னதுதான். பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு முதலில் வெறும் இனிப்பு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இனிப்பாகவே இருக்கும், அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும்.

அதைப் புளிக்க வைக்க யாரும் எதையும் போடுவதில்லை. காற்றிலிருந்தும் பூச்சிகளிடமிருந்தும் பழைய கலயத்தின் அடியிலிருந்தும் ஈஸ்ட் தானாகவே வந்து சேர்கிறது. கூடவே சில பாக்டீரியாக்களும் வரும். ஆனால் கள்ளின் முக்கியமான வேலைக்காரன் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் பீரைப் புளிக்க வைப்பதும் இதே ஈஸ்ட்தான். உலகத்து ஆய்வகங்களில் இதைப்போல் அலசப்பட்ட உயிர் அதிகமில்லை. உட்கரு உள்ள உயிர்களில் முழு டி.என்.ஏ.யும் முதன்முதலாக வாசிக்கப்பட்டது இதற்குத்தான், 1996-ல். ஏறக்குறைய 6,000 மரபணுக்கள்.

நான் செய்த புராஜெக்ட் மிகச் சாதாரணமானது. செம்பனை மட்டையைப் பிழிந்த சாற்றில் ஈஸ்டை வளர்த்து எத்தனால் எடுப்பது. அதற்கு முன் வெறும் குளுக்கோஸ் கரைசலில் ஒருமுறை வளர்த்துப் பார்க்கச் சொன்னார் என் மேற்பார்வையாளர். மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று கருவியில் பார்த்துக் குறிக்க வேண்டும். கலங்கல் கூடினால் ஈஸ்ட் பெருகுகிறது என்று அர்த்தம்.

அன்று ராத்திரி முழுக்க ஆய்வகத்தில் தனியாக இருந்தேன். நள்ளிரவு வரை எண்கள் மளமளவென்று ஏறின. பிறகு தேங்கின. முடிந்தது என்று நினைத்து மேசையில் தலை சாய்த்தேன். விடிகாலையில் எடுத்த மாதிரியில் எண் மறுபடியும் ஏறியிருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஏதோ கெட்டுப்போய்விட்டது, வேறு கிருமி புகுந்துவிட்டது என்று நடுங்கிவிட்டேன்.

காலையில் மேற்பார்வையாளர் வந்து வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். மலாய்க்காரர், பொறுமையானவர். “நீ ஒன்றும் தப்புப் பண்ணவில்லை. சீனி தீர்ந்துபோனது. இப்போது அது தான் தயாரித்த சாராயத்தையே சாப்பிட்டு வளர்கிறது” என்றார்.

எனக்கு அது தூக்கிவாரிப்போட்டது. சாராயம் செய்வது மட்டும்தான் ஈஸ்டின் குணம் என்று நினைத்திருந்தேன். நிறையச் சீனி கிடைக்கும்வரை, காற்று இருந்தாலும்கூட, அது சீனியை அரைகுறையாக எரித்துச் சாராயமாக்கி வெளியே தள்ளுகிறது. அதில் கிடைக்கும் சக்தி குறைவு. ஆனால் வேகமாகப் பெருகலாம், சாராயம் மற்றக் கிருமிகளையும் விரட்டும். சீனி தீர்ந்ததும் நின்று, தன்னை மாற்றிக்கொண்டு, மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்கி, அதே சாராயத்தை முழுதாக எரிக்கத் தொடங்குகிறது. முதல் வளர்ச்சிக்கும் இரண்டாவது வளர்ச்சிக்கும் நடுவில் இருந்த அந்தத் தேக்கம், உள்ளே எல்லாம் மாறிக்கொண்டிருந்த நேரம்.

டி.என்.ஏ. மாறவில்லை. அதே 6,000 மரபணுக்கள். அப்படியானால் மாறியது எது?

*

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தோட்டத்து ஆபீஸ்தான் உதவியது. அங்கே ஒரு பெரிய கணக்குப் புத்தகம் இருக்கும். அது ஆபீசை விட்டு வெளியே வராது. கிராணி அதிலிருந்து தேவையானதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பெரட்டு நேரத்தில் தண்டல் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் யாருக்கு எந்த நிரை என்று சொல்வார். புத்தகம் டி.என்.ஏ. சீட்டு, தூது ஆர்.என்.ஏ. சீட்டைப் படித்துப் புரதம் செய்யும் இடம் ரைபோசோம்.

பள்ளிக்கூடத்தில் இத்தோடு முடித்துவிடுவார்கள். புத்தகத்தில் இருப்பது சீட்டில் வரும், சீட்டில் இருப்பது நடக்கும். ஆனால் தோட்டத்தில் வேலை செய்த யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாது. சீட்டு எழுதப்பட்டதாலேயே வேலை நடந்துவிடாது. தண்டல் அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம். ‘இன்னிக்கு வேணாம்’ என்று கிழிக்கலாம். வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். செல்லிலும் அப்படித்தான். தூது ஆர்.என்.ஏ. ஒருபோதும் தனியாக அலைவதில்லை. அது பிறந்த நொடியிலிருந்தே ஏதாவது புரதம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கே போகும், எப்போது படிக்கப்படும், எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பதையெல்லாம் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் இந்தப் புரதங்கள் முடிவு செய்கின்றன. ஈஸ்டில் இப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

சீனி தீரும்போது கிராணியும் புதுச் சீட்டுகளை எழுதுகிறார், அதாவது வேறு மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. அது பெரிய மாற்றம்தான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு தண்டலின் கதை. அதன் பெயர் பஃப்-3.

பஃப்-3 வளைந்த கைபோல இருக்கும் ஒரு புரதம். உள்வளைவில் எட்டு மடிப்புகள். ‘யு-ஜி-யு-ஏ’ என்று தொடங்கும் ஒரு சிறு வரிசை ஆர்.என்.ஏ.யின் கடைசிப் பகுதியில் இருந்தால், மடிப்புக்கு ஏறத்தாழ ஓர் எழுத்து என்று பிடித்துக்கொள்ளும். 2000-ல் வெண்டி ஒலிவாஸ், ராய் பார்க்கர் இருவரும் அது பிடிக்கும் ஒரு சீட்டைக் கண்டுபிடித்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான காக்ஸ்-17 என்ற புரதத்தின் சீட்டு அது. பஃப்-3 அதைப் பிடித்ததும், சீட்டின் நீண்ட வாலைக் கத்தரிக்கும் நொதிகளையும் அழைத்து வருகிறது. வால் போனால் சீட்டு சீக்கிரம் அழியும். 2004-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆந்த்ரே கெர்பர், டேனியல் ஹெர்ஷ்லாக், பேட்ரிக் பிரவுன் மூவரும் பஃப்-3 பிடித்திருக்கும் எல்லாச் சீட்டுகளையும் சேகரித்துப் பார்த்தார்கள். 200-க்கும் மேல். பெரும்பாலும் எல்லாமே மைட்டோகாண்ட்ரியாவுக்கானவை.

அதாவது, சீனி கொட்டிக் கிடக்கும்போது, முழுதாக எரிப்பதற்கான கருவிகளின் சீட்டுகளைப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கிறது பஃப்-3. ‘இப்ப எதுக்கு அதெல்லாம்? கள்ளு காய்ச்சுற வேலையைப் பாரு’ என்பதுபோல.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2015-ல் வந்த ஆய்வு. டெக்சஸில் பெஞ்சமின் டூவின் ஆய்வகத்தில் சிஎன்-டெர் லீ என்பவரோடு சேர்ந்து செய்தது. குளுக்கோஸ் தீர்ந்ததும் பஃப்-3 மேல் பல இடங்களில் பாஸ்பேட் ஒட்டுகிறது. உடனே அதன் வேலை தலைகீழாகிறது. அதே புரதம், அதே சீட்டுகள். இப்போது அவற்றை அழிப்பதில்லை, படிக்கப்படுவதற்கு உதவுகிறது. மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. பாஸ்பேட் ஒட்டும் இடங்களைச் செயற்கையாக மாற்றிவிட்டால் இந்தத் திருப்பம் சரியாக நடப்பதில்லை.

எல்லாச் சீட்டும் அழிக்கப்படுவதுமில்லை. பார்க்கரின் ஆய்வகம் 2005-ல் இன்னொன்றையும் காட்டியது. குளுக்கோஸ் திடீரென்று நின்றால் பல சீட்டுகள் படிக்கப்படாமல் சிறு சிறு குவியல்களாக ஒதுங்குகின்றன. குளுக்கோஸ் திரும்பி வந்தால் அவற்றில் பல மறுபடி ரைபோசோமுக்குப் போய்விடுகின்றன. குப்பைக்கூடை என்று நினைத்த இடம், பாதி நேரம் இழுப்பறையாகவும் இருந்திருக்கிறது. இந்த நிறுத்திவைக்கும் வேலையைச் செய்யும் எஸ்சிடி-6 போன்ற ஈஸ்ட் புரதங்களை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புருஷார்த் ராஜ்யகுருவின் குழு ஆராய்ந்து வருகிறது.

*

1984 ஜனவரி. அம்மா எஸ்.ஆர்.பி.யில் நல்ல தேர்ச்சி. படிவம் நான்குக்கு சிரம்பானில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கலாம். லயத்தில் அந்த வருடம் அப்படிக் கடிதம் வந்த ஒரே பெண் அம்மாதான். தாத்தா சாயந்திரம் கள்ளுக்கடையிலிருந்து வந்தார். பாட்டி கடிதத்தைப் பற்றிச் சொன்னார். பஸ் காசு, சீருடை, புத்தகம் என்று பேச்சு வளர்ந்தது. தாத்தா கடிதத்தை வாங்கிக் கிழித்து அடுப்பில் போட்டார். மறுநாள் இருட்டோடு அம்மா பாட்டியோடு பெரட்டுக்குப் போனார். ஒட்டுப்பால் பொறுக்கும் வேலை. வயது பதினைந்து.

2016-ல் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அதற்குள் தோட்டம் செம்பனையாகி, நாங்கள் மலிவு விலை வீட்டுக்கு வந்து பல வருடமாகியிருந்தது. முடிவை இணையத்தில் பார்த்து, சைபர் கஃபேயில் கடிதத்தைப் பிரின்ட் எடுத்து வந்தேன். தாத்தாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. “இதுல உம் பேரு எங்க இருக்கு?” என்று கேட்டார். காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். அன்று மத்தியானம் கடிதத்தைக் காணவில்லை. வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினோம். சாயந்திரம் தாத்தா சைக்கிளில் வந்தார். ரந்தாவ் டவுனுக்குப் போய் அதை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். “தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்றார். பதிவுக்கு வேறு பிரதி எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரே கை. கிழித்ததும் அதுதான், பிளாஸ்டிக் போட்டு வைத்ததும் அதுதான். பஃப்-3 பற்றி முதலில் படித்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது தாத்தாவின் அந்தக் கைதான். பால் வெட்டி வெட்டி வளைந்துபோன ஆள்காட்டி விரல்.

இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் ரத்தம் மாறிவிடவில்லை. சுற்றி இருந்தது மாறியது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில், வேலை முடியும் நேரத்துக்குத் திறக்கும்படி இருந்தது. கையில் காசில்லாவிட்டாலும் பற்று எழுதிக்கொள்ளலாம். சம்பள நாளில் கழித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருந்தது. அதற்குப் பற்று கிடையாது. சீனியில் மிதக்கும் செல் எதைச் செய்யுமோ அதைத்தான் அந்த ஏற்பாடு மனிதர்களிடம் எதிர்பார்த்தது.

நமக்கு முன்னால் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூடுவது. துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்பது இன்னொன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக இயக்கமே நடத்தினார்கள். 1947-ல் அது பீடோங் பக்கம் போலீசோடு மோதல் வரை போனது. அவர்களில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர்கள். ஆனால் ரத்தத்தை மாற்று என்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. கடையை மூடு என்றார்கள்.

கடையை மூடியதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. எங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை போனதும் பலர் சம்சுவுக்குப் போனார்கள். தாத்தாவும்தான். கள்ளைவிட அது மோசமாகக் குடித்தது அவரை. நான் பிறந்த பிறகுதான் நிறுத்தினார். அம்மாவுக்கு செனவாங் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். பாட்டிக்கு மூட்டுவலி. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. காலையில் என்னைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போவதும் மத்தியானம் கூட்டிவருவதும் தாத்தா வேலையானது. ராத்திரி ஒரு கிடங்கில் ஜாகா வேலை. ஒரே நாளில் விடவில்லை. பாட்டி கணக்கில் மூன்று தீபாவளி ஆனது. வரைபடத்தில் நான் பார்த்த தேக்கம்போலத்தான் அதுவும் என்று இப்போது தோன்றுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருந்த மூன்று வருடம்.

*

என் வசதிக்காக அறிவியலை வளைத்துவிடக் கூடாது. மனிதன் ஈஸ்ட் இல்லை. குடி நோயில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏறக்குறைய பாதிப் பங்கு என்கின்றன. சின்னம்மா சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் ‘பாதி’ மக்கள்கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் எப்படி ஆவான் என்ற தீர்ப்பு அல்ல. பஃப்-3யின் உறவுக்காரப் புரதங்கள் மனித உடம்பிலும் இருக்கின்றன. புத்தகத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் எத்தனையோ கைகள். ரத்தம் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லும்போது அத்தனை கைகளையும் மறைத்துவிடுகிறோம். கூடவே, கடையைத் திறந்து வைத்தவர்களையும்.

இதையெல்லாம் தீபாவளி முடிந்த அந்த வாரம் அம்மாவிடம் சொன்னேன். தம்பிக்காகத்தான் சொன்னேன். தாத்தாவுக்காகவும் கொஞ்சம். அவர் போய் ஏழு வருடமாகிறது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே முழுதாகக் கேட்டார். சீட்டு, தண்டல், பாஸ்பேட் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் சொன்னார்:

“நீ சொல்றது புரியுது. ஆனா ஈஸ்ட்டுக்குக் கடுதாசி கிழிக்கிறோம்னு தெரியாது. அவருக்குத் தெரியும்.”

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. காரணத்தைச் சொல்வது என் வேலை என்று நினைத்திருந்தேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் கடிதத்துக்குச் சொந்தக்காரர் வேலை. ஒன்று மட்டும் அம்மாவிடம் கவனித்திருக்கிறேன். தம்பியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ரத்தம் என்று அவர் வாயில் வந்ததே இல்லை. மறுநாள் காலை அவனை எழுப்பி, கோப்பி கொடுத்து, “எங்க குடிச்ச? யாரு வாங்கிக் குடுத்தா? எவ்வளவு நாளா?” என்றுதான் கேட்டார். அவன் தலைகுனிந்துகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். இப்போது சனிக்கிழமைகளில் அவன் வேலை முடியும் நேரத்துக்கு நான் பட்டறை வாசலில் கார் நிறுத்திக் காத்திருக்கிறேன். சில வாரம் வருகிறான். சில வாரம் ‘நீ போக்கா’ என்று மெசேஜ் வருகிறது.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கடிதத்தைத் தாத்தா நாலாகக் கிழித்தார் என்று எழுதியிருந்தேன், பாட்டி அப்படித்தான் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நாலா இல்ல. ரெண்டா. அப்புறம் அடுப்பு.”

‘நாலாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.